ஏழாம் பதினாறு

“அவர் எப்படி வாசிக்கிற ஆள் தங்கச்சி?” என்று கடைக்கார நானா கேட்டார். “கட்டில்ல சாய்ஞ்சுக்கிட்டா, கதிரையில இருந்துக்கிட்டா?”

“நின்னுக்கிட்டு” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பகிடி பண்ணவில்லை. வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி அந்தக் கடைக்கு ஏறி வந்திருந்தேன். பகிடி பண்ணுகிற தெம்பு இல்லை. கொழும்பில் அப்போது திரையில் புத்தகம் வாசிக்கிற இ-ரீடர் என்பது புதுச் சாமான். வெளிநாட்டிலிருந்து யாரோ பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த மூன்று அந்தக் கடையின் கண்ணாடி அலமாரிக்குள் கிடந்தன. ஒன்று உள்ளங்கை அளவு. ஒன்று அதைவிடக் கொஞ்சம் பெரிது. மூன்றாவது அப்பியாசக் கொப்பி அளவு.

“நின்னுக்கிட்டு எவ்வளவு நேரம் வாசிப்பார்?”

“காலைல ஏழு மணியிலேர்ந்து நாலரை வரைக்கும்.”

நானா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் நல்ல மனிதர். வாங்க வருகிறவரின் பழக்கம் தெரியாமல் சாமானைக் கையில் கொடுக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். ஆனால் நான் சொல்ல வந்த ஆளின் பழக்கத்துக்கு உலகத்தில் யாரும் இன்னும் சாமான் செய்யவில்லை என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

அவர் எங்கள் தோட்டத்துக் கங்காணி. லுணுகலைக்குப் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, இரண்டு மைல் மேலே ஏறவேண்டிய தோட்டம். கொழுந்து எடுக்கிற பெண்களுக்குப் பின்னால் நின்று, யார் எந்த மரத்தை விட்டுவிட்டாள், யார் முற்றிய இலையைக் கிள்ளிப் போட்டாள் என்று பார்ப்பது அவர் வேலை. என் அம்மா அவருடைய ஆட்களில் ஒருத்தி. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, அவர் பெண்சாதி மாமி உட்பட.

காக்கிக் கோட்டு, நான்கு பை. ஒரு பையில் வெற்றிலை. ஒரு பையில் சின்னப் பென்சில். மழைக்கு ஒரு பொலித்தீன் பை மடித்து ஒன்றில். மார்புக்கு உள்பக்கம் இருந்த நாலாவது பையில் பதினாறு பக்கம்.

முழுப் புத்தகம் இல்லை. பதினாறு பக்கம் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குப் போய், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய புத்தகம் விற்கிறவனிடம் ஒன்று வாங்கி வருவார். வந்து தேத்தண்ணி குடித்ததும் கவ்வாத்துக் கத்தியை எடுப்பார். தேயிலை மரத்தின் தலையை வெட்டுகிற கத்தி, எவ்வளவு கூராக இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. புத்தகத்தின் முதுகைப் பிளந்து, தையல் நூலை ஒவ்வொன்றாக அறுத்து, பதினாறு பதினாறு பக்கமாகப் பிரித்து வைப்பார். தையல் இல்லாமல் பசை போட்டு ஒட்டிய புத்தகம் என்றால் எட்டுத் தாள் எண்ணிக் கீறுவார். அட்டை மாமிக்கு. சீனி டப்பாவுக்கு மூடி, சுவரில் ஓட்டை அடைக்க, எல்லாவற்றுக்கும் அட்டை உதவும். அதனால் எங்கள் யாருக்கும் புத்தகத்தின் பெயரோ எழுதியவர் பெயரோ தெரியாது. ‘யானை வர்ற புத்தகம்’, ‘ரெண்டு பொண்டாட்டிக்காரன் புத்தகம்’, ‘கெணத்துல விழுந்தவ புத்தகம்’. அவ்வளவுதான்.

முழுப் புத்தகத்தை மலைக்குக் கொண்டுபோக முடியாது என்பது முதல் காரணம். தோட்டத்தை நடத்துகிற துரை கண்ணில் பட்டால் வேலை போய்விடும். பதினாறு பக்கம் என்றால் உள்ளங்கைக்குள் மடங்கும். இரண்டாவது காரணத்தை அவரே சொல்லுவார்.

“பின்னால ஆள் நிக்குது புள்ள.”

அவர் வாசித்து முடித்த பதினாறு அன்றைக்கே அடுத்த ஆளுக்குப் போகும். அந்த ஆள் மூன்று நாளில் முடித்து அதற்கடுத்த ஆளுக்கு. இப்படி ஆறு பேர். முதல் ஆள் அவர். ஐந்தாவது பாக்கியம் அக்கா, கொழுந்து எடுக்கிறவள், அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். ஆறாவது, கடைசி, நான். அப்போது எனக்குப் பதினாலு பதினைந்து வயது. ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில் ஆறு பேர் வாசித்துக்கொண்டிருப்போம், ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில். அவர் கதையை முடித்திருப்பார். எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது, கதையில் சொல்கிறேன். கொழுந்து நிரையில் முன்னால் நிற்கிறவள் பின்னால் நிற்கிறவளிடம் “அடியே, அவன் செத்துப் போறான்டி” என்று சொல்லிவிட்டால் அன்றைக்குச் சண்டைதான்.

கங்காணி தலையைக் குனிந்து வாசித்துக்கொண்டே நிற்பார். வாசித்தபடியே, “பாக்கியம், ஒனக்குப் பின்னால மூணு மரம் நிக்குது” என்பார். நிமிர்ந்து பார்த்ததே இல்லை. எப்படித் தெரியும் என்று யாருக்கும் தெரியாது. அம்மா சொல்லுவாள், கொழுந்து ஒடிகிற சத்தத்தில் கணக்கு வைத்திருக்கிறார் என்று.

அந்தச் சொல்லை அவர் எல்லாவற்றுக்கும் வைத்திருந்தார். தண்ணீர் பிடிக்கிற பீலியில் இரண்டு குடத்துக்கு மேல் நிறைத்தால், “பின்னால ஆள் நிக்குது.” தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒருத்தி தன் நோயைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னால், “பின்னால ஆள் நிக்குது.” கல்யாண வீட்டில் பந்தியில் முதலில் எழுந்திருப்பவர் அவர்தான், பாயசம் வருவதற்கு முன்பே. மாமி தலையில் அடித்துக்கொள்வாள். “இந்த மனுசன் சாகுறப்பவும் பின்னால ஆள் நிக்குதுன்னு அவசரமாத்தான் போவாரு.” அப்படி நடக்கவில்லை. அது பிந்திய கதை; படுக்கையில் எட்டு மாதம் கிடந்து மெதுவாகத்தான் போனார்.

அவ்வளவு வாசித்த மனிதரின் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், ஒரு புத்தகம் இருக்காது. வெளியாட்கள் வந்தால் நம்பமாட்டார்கள். சுவரில் சாமி படம், கலண்டர், குடை. முடித்ததைத் திரும்பத் தொடமாட்டார். எல்லாப் பதினாறும் கடைசியில் கடைசி ஆளிடம் வந்து சேரும். அதாவது என்னிடம். எங்கள் காம்பராவில் தேயிலைப் பெட்டி ஒன்று நிறைய அவர் வாசித்து விட்டவை கிடந்தன. அவருக்கு நூலகம் இல்லை, எனக்கு இருந்தது.

“ஆயிரம் புத்தகம் இதுக்குள்ள வச்சிருக்கலாம்” என்றார் நானா, பெருமையாக.

“அவருக்கு ஒண்ணையும் வச்சிருக்கிற பழக்கம் இல்லையே” என்றேன்.

ஒரே ஒரு தடவை அவர் நூலகப் பக்கம் போனார். தோட்டத்துப் பாடசாலை மாஸ்டர் பிணை கையெழுத்துப் போட்டு, டவுனில் ஒரு நூலகத்தில் அங்கத்தவர் ஆக்கிவிட்டார். முதல் புத்தகம் எடுத்து வந்தார். தேத்தண்ணி குடித்தார். கை பழக்கத்தில் போய்க் கவ்வாத்துக் கத்தியை எடுத்துவிட்டது. நாலு நூல் அறுந்த பிறகுதான் ஞாபகம் வந்ததாம். அறுத்தது அறுத்ததுதானே என்று மிச்சத்தையும் அறுத்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். பிறகு திருப்பிக் கொடுக்கிற நாள் நெருங்க, வீடு வீடாகப் போய் பதினாறுகளைச் சேகரித்து, கோணி ஊசியால் சாக்கு நூல் கோர்த்துத் தைத்தார். நான்தான் பக்கம் பார்த்து அடுக்கிக் கொடுத்தேன். நூலகத்தில் அந்த அம்மா புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இவ்வளவு உறுதியாக் கட்டியிருக்கே, இது எங்கட புத்தகமா?” என்று கேட்டாராம். அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவில்லை. மாஸ்டர் முகத்தைப் பார்க்கவே ஒரு மாதம் வெட்கப்பட்டார்.

இன்னொரு தடவை, தமிழ்க் கடதாசி கையில் இருந்தாலே விளக்கம் சொல்லவேண்டிய காலத்தில், பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்ட இடத்தில் அவரை இறக்கிவிட்டார்கள். தலைப்பும் இல்லை, முதலும் இல்லை, முடிவும் இல்லை, மார்புப் பைக்குள் மடித்த பதினாறு பக்கம் தமிழ். பார்க்கிறவனுக்குப் பயம் வரத்தானே செய்யும். இதில் என்ன எழுதியிருக்கிறது, சிங்களத்தில் சொல் என்றார்கள். அவர் வெயிலில் நின்றபடி வரிவரியாகச் சொன்னார். ஒருவன் தன் அண்ணன் பெண்சாதியின் நகையைத் திருடி ஒளித்து வைக்கிற கட்டம். நாலு பேர் சுற்றி நின்று கேட்டார்களாம். சொல்லி முடித்ததும் அதில் மூத்தவர், இதற்கு முன்னால் என்ன நடந்தது என்றார்.

“அது பாக்கியத்துகிட்ட இருக்குங்க” என்றார் இவர்.

பாக்கியத்தின் பெயரையும் ஒருவர் எழுதிக்கொண்டார். பிறகு விஷயம் புரிந்து சிரித்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் பாக்கியம் அக்கா ஒரு வாரம் மலைக்கு வருகிற ஜீப் சத்தத்துக்கெல்லாம் மரத்துக்குக் கீழே உட்கார்ந்தாள். அவளுக்கு ஏற்கனவே வீட்டில் போதுமான பயம் இருந்தது.

அவள் புருஷன் குடிப்பான், அடிப்பான். வரிசையாக ஒட்டிக் கட்டின லயத்தில் ஒரு சுவர்தான் நடுவில், ஒளிக்க முடியாது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வருவாள். யாரும் கேட்கமாட்டார்கள். நானும் கேட்டதில்லை. அதை நினைத்தால் இப்போது எனக்குக் கோபம் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஒரு புத்தகம் வந்தது. எனக்குப் பதினைந்து வயது. ஆறாம் பதினாறு வரை ஒழுங்காக வந்தது. தொண்ணூற்றாறாம் பக்கம் முடிந்தது. அடுத்ததாக என் கைக்கு வந்தது நூற்றிப் பதின்மூன்றாம் பக்கம். ஏழாம் பதினாறு வரவில்லை. தொண்ணூற்றாறில் அந்தப் பெண் புருஷனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள். நூற்றிப் பதின்மூன்றில் ஏதோ ஓர் ஊரில் கையில் ஒரு பையுடன் பஸ்ஸை விட்டு இறங்குகிறாள். நான் பாக்கியம் அக்காவிடம் ஓடினேன்.

“மழையில நனைஞ்சு பிஞ்சு போச்சு” என்றாள்.

நான் கங்காணியிடம் கோள் சொன்னேன். மூன்று நாளைக்கு மேல் யாராவது வைத்திருந்தால் காம்பரா வாசலில் வந்து நின்று கேட்கிற மனிதர் அவர். ஒரு தடவை என் அம்மாவின் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பதினாறு கிடந்ததைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. அப்படிப்பட்டவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார்.

“விடு புள்ள” என்றார்.

“மாமா, அது முக்கியமான எடம்.”

“தெரியும். வாசிச்சவன்தானே நான். விடு.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் கடைசி ஆள் என்பதால் யாரும் என்னை மதிக்கவில்லை என்று நினைத்தேன்.

பிறகு நான் படித்தேன், கொழும்பில் வேலை கிடைத்தது, போனேன். போன இரண்டாம் வருஷம் அம்மா டெலிபோனில், கூரை ஒழுகித் தேயிலைப் பெட்டியில் தண்ணீர் இறங்கிவிட்டது, என்ன செய்ய என்று கேட்டாள். அன்றைக்கு ஆபீசில் என்னவோ சிடுசிடுப்பு. “அதெல்லாம் கிழிஞ்ச கடதாசிம்மா, காய வச்சு அடுப்பு மூட்டிருங்க” என்றேன். அம்மா சொன்னதைச் செய்கிறவள். இரண்டு மழைக்காலம் அடுப்பு எரிந்தது.

அதைச் சொன்னவள் நான்தான். வேறு யாரும் இல்லை.

கங்காணிக்குச் சீனி வருத்தம் கண்ணில் இறங்கியது ஓய்வு பெற்ற பிறகு. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். இனிப் பார்வை திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்றார்களாம். நான் தீபாவளிக்குப் போனபோது வாசலில் வெயில் படுகிற இடத்தில், அதே கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். கையில் பூதக்கண்ணாடி. மூன்று வரி வாசித்துவிட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மூன்று வரி.

“மாசத்துக்கு ஒரு பதினாறு முடியுது” என்றார். “பின்னால நின்ன ஆளெல்லாம் போயிருச்சு. டீவி பாக்கப் போயிருச்சு. ஒருத்தியும் கேட்டு வர்றதில்ல.”

பூதக்கண்ணாடியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, “புள்ள, ஒரு பொம்பள பஸ் ஏறிப் போவாளே, அந்தப் புத்தகம் ஒன்கிட்டதானே இருக்கும்? கண்ணு முழுசாப் போறதுக்குள்ள அத மட்டும் இன்னொருக்கா வாசிச்சுப் பாக்கணும்” என்றார்.

எந்தப் புத்தகம் என்று எனக்கு உடனே தெரிந்தது. அவர் அதுவரை எதையும் திரும்பக் கேட்டவர் இல்லை.

“தேடிப் பாக்குறேன் மாமா” என்று பொய் சொன்னேன்.

அந்தப் பொய்தான் என்னை நானாவின் கடையில் கொண்டுபோய் நிறுத்தியது. ஒரு புத்தகத்தை எரித்ததற்கு நூறு புத்தகம் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கலாம் என்று ஆபீசில் ஒருவர் கையில் பார்த்திருந்தேன். பெயர் தெரியாத புத்தகத்தை எங்கே தேடுவது? நூறில் ஒன்றாக அதுவும் இருந்துவிடக்கூடாதா என்று ஓர் ஆசை.

நானா என்னை மாடத்துக்குக் கூட்டிப்போய் வெயிலில் பிடித்துக் காட்டினார். திரை மங்கவில்லை, கடதாசி போலவே இருந்தது. வெயிலில் நின்று வாசிக்கிற ஆளுக்கு இது பொருந்தும். தானாக வெளிச்சம் தராது, லயத்து பல்ப் போதாது, அது பொருந்தாது. ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் இரண்டு வாரம் கிடக்கும்; பொருந்தும். மழை பட்டால்? நானா கையை விரித்தார். விரல் வெடித்து தடித்துப்போன கைக்கு, தொட்டு இயக்குவதைவிடப் பொத்தான் நல்லது என்று அவரே சொன்னார்.

பிறகு நான் கொண்டுபோன தமிழ்க் கதை ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். எழுத்தே வரவில்லை. எழுத்துக்குப் பதிலாக வரி வரியாக வெறும் பெட்டிகள், எங்கள் லயத்துக் காம்பராக்கள் மாதிரி.

“தமிழ் இதுக்குத் தெரியாது போல” என்றார் நானா, தன் பிழை போல.

பக்கத்தைப் படமாகப் பிடித்துப் போட்டால் தெரிந்தது. ஆனால் படத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடியது. சின்னதை எடுத்தால் கோட்டுப் பைக்குள் போகும், எழுத்துத் தெரியாது. பெரியதை எடுத்தால் எழுத்து ஓரளவு தெரியும், பைக்குள் போகாது. நான் அரைமணி நேரம் நின்றேன். நானா தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். கடைசியில் கண்ணை நினைத்துப் பெரியதை எடுத்தேன். ஆபீசில் எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து, இணையத்தில் கிடைத்த பழைய தமிழ்ப் புத்தகப் படங்கள் நூறை அதில் ஏற்றினேன். ஒரு மாதம் ஆனது. அதில் ஒரு பெண் பஸ் ஏறுகிற கதை இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்த்தேன். இல்லை.

காலை ரயிலில் ஏறி, பதுளையில் இறங்கி, பஸ் பிடித்து, இரண்டு மைல் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. இரவுக்குப் பதுளையிலேயே சித்தி வீட்டில் தங்கினேன். அலுப்பில் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

அவர் அதைக் கையில் வாங்கினார். முதலில் கோட்டுப் பைக்குள் வைத்துப் பார்த்தார். பாதி வெளியே நின்றது. பிறகு கட்டை விரலால் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனார்.

“தையல் எங்க புள்ள இருக்கு?”

“தையல் இல்ல மாமா.”

“அப்ப எப்படிப் பிரிக்கிறது?”

“பிரிக்க வேணாம் மாமா. நூறு புத்தகமும் உள்ளயே இருக்கு.”

பொத்தானை அழுத்திக் காட்டினேன். பெரிதாக்கிக் கொடுத்தேன். ஒரு திரைக்கு நாலைந்து சொல். நகர்த்த நகர்த்த வரி விலகிப் போனது. ஆனாலும் ஒரு பக்கத்தை விடாமல் வாசித்தார். கால்மணி நேரம் ஆகியிருக்கும். முடித்ததும் பழக்கத்தில் அதைப் பின்பக்கமாக நீட்டினார். அங்கே யாரும் இல்லை. கை அப்படியே நின்றது.

“யாருக்குக் குடுக்குறது இத?”

“யாருக்கும் வேணாம். இது உங்களுக்கு மட்டும் மாமா.”

“எனக்கு மட்டுமா” என்றார். மடியில் வைத்துக்கொண்டார். “எனக்கு மட்டும்னா என்னாத்துக்குப் புள்ள இவ்வளவு புத்தகம்?”

மாமி தேத்தண்ணி கொண்டுவந்தாள். பாக்கியம் அக்காவும் பின்னாலேயே வந்தாள், நான் வந்திருப்பதைக் கேட்டு. முடி முழுதும் நரைத்திருந்தது. புருஷன் போய் மூன்று வருஷம்.

“நூறுல அது இருக்கா?” என்றார் கங்காணி. “அந்தப் பொம்பள?”

இனி இழுக்க முடியவில்லை. “இல்ல மாமா. நம்ம பெட்டியில இருந்துச்சு. நான்தான் எரிக்கச் சொல்லிட்டேன். அம்மா மேல தப்பில்ல.”

அவர் திட்டியிருக்கலாம். “அப்படியா” என்றார். “இல்ல, ஒண்ணுமில்ல. அன்னைக்குப் பின்னால ஆள் நிக்குதுன்னு வேகமா வாசிச்சு விட்டுட்டேன். பஸ் ஏறினது ஞாபகம் இருக்கு. எங்க எறங்கினாள்னு மறந்து போச்சு. கண்ணு மங்கினதிலேர்ந்து அதான் மண்டைக்குள்ள சுத்துது. பாவம், எங்க எறங்கினாளோ.”

பாக்கியம் அக்கா எழுந்து வெளியே போனாள். கோபமோ என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் துணி. துணிக்குள் எட்டுத் தாள், மடிப்பெல்லாம் தேய்ந்து, ஓரம் பழுப்பேறி. தொண்ணூற்றேழாம் பக்கம்.

“நான்தாங்க வச்சிருந்தேன்” என்றாள். “மழையில நனையல.”

“மழையா?” என்றார் கங்காணி. “அந்த மாசம் ஏது பாக்கியம் மழை? கொழுந்தே கருகிக் கெடந்துச்சு.”

அவள் அழவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். எழுத்துக் கூட்டி வாசித்த பாக்கியம் அக்கா இல்லை இது. தாளைப் பார்க்காமலே பல வரிகள் வந்தன. விடிவதற்குள் ஒருத்தி எழுந்து, அடுப்பில் தண்ணீர் வைத்து, அதைக் கொதிக்க விட்டுவிட்டு, ஒரு பையை எடுத்துக்கொண்டு நடக்கிறாள். யாரும் தடுக்கவில்லை. கொண்டக்டர் எங்கே போகவேண்டும் என்று கேட்கிறான். இந்த பஸ் எங்கே போய் நிற்குமோ அங்கே என்கிறாள். நூற்றிப் பன்னிரண்டாம் பக்கம் முடிகிறபோது பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

“மிச்சத்த நான் வாசிக்கல” என்றாள். “எட்டாவது வந்தப்ப திறக்காமயே ஒன்கிட்ட குடுத்துட்டேன். அதுக்கப்புறம் வந்ததையும் அப்படித்தான். என்னமோ வாசிக்கப் பயமா இருந்திச்சு.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கங்காணியின் பார்வை என் முகத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் விழுந்தது.

“எறங்கினா மாமா” என்றேன். “ஒரு சின்ன டவுன். ஒரு தையக்காரர் கடை வாசல்ல தண்ணி கேட்டா. அவரு சம்சாரம் ஒண்ணுமே கேக்காம தண்ணி குடுத்து உள்ள கூட்டிப் போனாங்க. அப்புறம் அங்கயே பட்டன் காஜா எடுக்குற வேல செஞ்சுக்கிட்டு இருந்தா.”

“தையக் கடையா” என்றார் கங்காணி. “ஆமா. ஆமா.”

பாக்கியம் அக்கா என் கையைப் பிடித்தாள். “அவ திரும்பி வந்துட்டாளா?”

பத்தாம் பதினாறில் புருஷன் தேடிக்கொண்டு வருவான். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரும் வருவார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பின்னால் போவாள், நல்ல முடிவு என்று நினைத்து எழுதியிருந்தார்கள். எனக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தப் பக்கங்கள் உலகத்தில் வேறெங்காவது இருக்கலாம். எங்கள் தோட்டத்தில் இல்லை. அடுப்பில் போய்விட்டன. அதற்காக அன்றைக்கு முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன்.

“வரலக்கா” என்றேன்.

கங்காணி என் குரல் வந்த பக்கம் திரும்பினார். முதல் ஆளாக வாசித்தவர் அவர்.

“வரல” என்றார். “இப்ப ஞாபகம் வந்திருச்சு. அவ வரல பாக்கியம்.”

உண்மையிலேயே மறந்திருந்தாரா, ஞாபகம் இருந்தே சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்.

பாக்கியம் அக்கா தாள்களை மடிக்கப் போனாள். கங்காணி சத்தம் கேட்டுக் கையை நீட்டித் தடுத்தார்.

“குடுத்துரு பாக்கியம். பின்னால ஆள் நிக்குது.”

அவள் என்னைப் பார்த்தாள். பதினேழு பதினெட்டு வருஷம் கழித்து, கொஞ்சம் தயங்கி, என் கையில் வைத்தாள். நான் வாசற்படியில் நின்றபடி பதினாறு பக்கத்தையும் வாசித்தேன். கதை ஒன்றும் பெரிதில்லை. எழுத்தும் அப்படித்தான். ஆனால் எத்தனையோ வருஷமாகச் சோறு போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, என் கண் முன்னால் எழுந்து போய் பஸ் ஏறினாள்.

முடித்தேன். கடைசி ஆளிடம் வந்தது கடைசி ஆளுக்கே என்பது அவர் வைத்த சட்டம். இ-ரீடர் அவர் மடியில் திரை அணைந்து கிடந்தது. அதை அன்று மாலையே என் பையில் திருப்பி வைத்துவிட்டாள் மாமி. இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது.

“வாசிச்சிட்டியா புள்ள?”

“வாசிச்சிட்டேன் மாமா.”

“அப்ப வச்சுக்க. நீதானே கடைசி.”

“இல்ல மாமா” என்றேன். “எனக்குப் பின்னால ஆள் நிக்குது.”

தாள்களைப் பாக்கியம் அக்காவிடம் கொடுத்தேன். அவள் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு, மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.